அரசாணை – சொல்லும் சேர்வராயன் மலையும்

அரசாணை என்பது அரசு தன் முடிவை எழுத்தில் வெளியிடும் ஆணையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். தமிழ்நாட்டில் இச்சொல், தலைமைச் செயலகத்தின் ஏதேனும் ஒரு துறையிலிருந்து ஆளுநரின் பெயரால் வெளியாகும் ஆணைக்கே உரிய பெயராக வழங்குகிறது. பேச்சு வழக்கில் இதனை 'ஜி.ஓ.' என்பர். 'ஜி.ஓ. வந்துவிட்டதா?' என்று கேட்கும் அரசு ஊழியர் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் சொல்லின் பின்பாதியான 'ஆணை' இதைவிட அகன்றது. குடியரசுத் தலைவரின் ஆணை, வருவாய் நிலை ஆணை, நீதிமன்ற ஆணை, மாவட்ட ஆட்சியரின் செயல்முறை ஆணை, தொகுதி மறுவரையறை ஆணை என எல்லாமே தமிழில் ஆணைதான். இவற்றின் ஆற்றலோ ஒன்றுபோல் இல்லை. ஓர் ஆணையை அதை வெளியிட்ட துறையே மறுநாள் மாற்றலாம். இன்னொன்றை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும். சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டைத் தலைமையிடமாகக் கொண்ட சேர்வராயன் மலையில் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம். அங்கு ஒரு மலையாளிக் குடும்பத்தின் நிலம், காடு, மரம், சாதிச் சான்றிதழ், வாக்களிக்கும் தொகுதி ஆகிய ஐந்தும் வெவ்வேறு வகை ஆணைகளுக்கு உட்பட்டவை. எந்த ஆணை எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் தவறான அலுவலகத்தின் வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேரிடும்.

சொல்லின் வரலாறு

'ஆணை' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. வடமொழி 'ஆஜ்ஞா' பிராகிருதத்தில் 'ஆணா' என்றாகித் தமிழுக்கு வந்தது என்பது ஒன்று. அசோகரின் கல்வெட்டுகளில் 'கட்டளையிடுகிறார்' என்னும் பொருளில் 'ஆணபயதி' என்ற பிராகிருதச் சொல் வருவதை இதற்குத் துணையாகக் காட்டுவர். 'ஆள்' என்னும் தமிழ் வேரிலிருந்து பிறந்ததே ஆணை என்பது தனித்தமிழ் அறிஞர்களின் கருத்து. எவ்வாறாயினும், பழந்தமிழ் இலக்கியக் காலத்திலேயே இச்சொல் வேரூன்றிவிட்டது. கட்டளை, அதிகாரம், சூளுரை என மூன்று பொருள்களும் அதற்கு உண்டு. 'உன்மேல் ஆணை' என்று இன்றும் சத்தியம் செய்கிறார்கள். சொன்ன சொல்லை மீற முடியாது என்ற கருத்தே மூன்று பொருள்களுக்கும் பொதுவானது.

கொங்கு நாட்டுத் திருமணங்களில் நடப்படும் 'அரசாணிக்கால்' என்ற கம்பத்தின் பெயரை 'அரசு ஆணைக் கால்' என்று விரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு திருமணத்துக்கும் அரசன் நேரில் வர முடியாதாகையால் அவன் ஆணையைக் குறிக்கும் கோல் ஒன்றை நட்டார்கள் என்பது அந்த விளக்கம். அரச மரக் கிளையை நடுவதால் வந்த பெயர் என்பது மற்றொரு விளக்கம். இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. சேலம், ஈரோடு, கோவைப் பகுதிகளில் பரங்கிக்காய்க்கும் 'அரசாணிக்காய்' என்று பெயர். அதில் எந்த அரசனின் ஆணையையும் தேட வேண்டியதில்லை.

சோழர் காலத்தில் அரசனின் எழுத்தாணைக்கு ஓலை, திருமுகம், ஸ்ரீமுகம் என்ற பெயர்கள் வழங்கின. ஆணை எப்படி உருவாயிற்று என்பதற்கு நல்ல சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் அளித்ததைக் கூறும் இவை, இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரால் அறியப்படுகின்றன. அரசன் முதலில் வாய்மொழியாகச் சொல்கிறான். அதை ஓர் அலுவலர் எழுதுகிறார். திருமந்திர ஓலைநாயகம் என்னும் மேலலுவலர்கள் சரிபார்க்கிறார்கள். வரிக் கணக்கில் பதிவு செய்கிறார்கள். பின்னர் நாட்டாருக்கு ஓலை போகிறது. அவர்கள் எதிர்கொண்டு வணங்கி அதைத் தலையில் வைத்துப் பெறுகிறார்கள். பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். இன்றைய கோப்பு நகரும் முறையும் ஏறக்குறைய இதுவே. யானை மட்டும் இல்லை.

விசயநகர, மராத்திய, முகலாய ஆட்சிகளுக்குப் பின் ஆணையைக் குறிக்கும் சொற்கள் பெருகின. 'தாக்கீது' என்ற சொல் அரபு மொழியில் வலியுறுத்தல், உறுதிப்படுத்தல் என்ற பொருள் கொண்டது. உருது வழியே தெலுங்கு, கன்னடம், மராத்தி, தமிழ் ஆகிய மொழிகளுக்கு வந்து 'கண்டிப்பான கட்டளை' என்றாயிற்று. இன்று செய்தித்தாள்களில் அழைப்பாணைக்கும் விளக்கம் கேட்கும் அறிவிப்புக்கும் இச்சொல்லைக் காணலாம். பர்மானா, சன்னது, கவுல் போன்றவை வழக்கொழிந்தன. நில ஆவணத்துக்குப் 'பட்டா' மட்டும் அசையாமல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், 'அரசாணை' என்று தூய தமிழில் எழுதிய பிறகும் அது 'அமலுக்கு' வருகிறது, பின்பு 'ரத்து' ஆகிறது. அமலும் ரத்தும் அரபுச் சொற்கள்.

'உத்தரவு' என்பது தனி வகை. அது கட்டளையையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். 'உத்தரவு கொடுங்கள், போய் வருகிறேன்' என்று பெரியவர்களிடம் விடைபெறுவது பழைய வழக்கம். கொங்கு நாட்டில் நல்ல காரியம் தொடங்கும் முன் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்றே ஒரு பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்ததாகச் சொல்லப்படும் பொருளை அதில் வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அப்பொருள் அங்கேயே இருக்கும்.

மலைக்கு வந்த ஆணைகள்

சேலமும் பாராமகாலும் 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். பயிரிடுபவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் எழுத்து வந்து நின்றது அப்போதுதான். முன்பு மணியக்காரர் வாயால் சொன்னது, இப்போது பட்டாவில் எழுதியது.

மன்றோவைப் பற்றி ஒரு திருத்தம் இங்கே சொல்லியாக வேண்டும். '1842-இல் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டறிந்தார்' என்று சுற்றுலாக் கையேடுகளிலும் இணையத்திலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வருகின்றனர். மன்றோ 1827 சூலையில் பத்திகொண்டாவில் காலராவால் இறந்துவிட்டார். இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மலையேறியிருக்க இயலாது. மேலும், தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்துவந்த மலையை யாரும் கண்டறிய வேண்டியதும் இல்லை.

அந்த மக்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளுடன் இவர்களுக்குத் தொடர்பில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக இவர்களுடைய மரபுக் கதை கூறுகிறது. சேர்வராயன் மலையில் இருப்போர் பெரிய மலையாளிகள் எனப்படுவர். சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்ட குகைக் கோயிலில் மே மாதம் நடக்கும் திருவிழாவுக்கு மலையின் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்தும் திரண்டு வருவார்கள்.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் காப்பிச் செடி மலைக்கு வந்தது. 'கிரேஞ்ச்' மாளிகையும் அவர் பெயருடன் இணைந்தது. அதன்பின் ஐரோப்பியர் ஒவ்வொருவராக வந்து தோட்டம் போட்டனர். தரிசு என்று கணக்கில் எழுதப்பட்ட நிலம் தோட்டக்காரர்களுக்கு அரசின் எழுத்தாணையால் கிடைத்தது. மலையாளிகளோ ஓர் இடத்தில் சில ஆண்டுகள் பயிரிட்டுவிட்டு, மண் இளைப்பாற அதை விட்டுவைத்து வேறிடம் போகும் வழக்கம் உடையவர்கள். இளைப்பாறிக்கொண்டிருக்கும் மண்ணும் கணக்கரின் கண்ணுக்குத் தரிசுதான். பட்டாவில் இல்லாத உரிமை இல்லாத உரிமையாயிற்று.

இந்த ஆணைகளில் பெரும்பாலானவை வருவாய் வாரியத்தின் வழியே வந்தவை. சென்னையில் 1786-இல் அமைந்த அந்த வாரியம் அவ்வப்போது வெளியிட்டவற்றைத் தொகுத்து 'நிலை ஆணைகள்' என்றனர். இவற்றில் 15-ஆம் நிலை ஆணை நில ஒப்படை பற்றியது. வாரியம் 1980-இல் கலைக்கப்பட்டது. ஆணைகள் கலையவில்லை, 'வருவாய் நிலை ஆணைகள்' என்று பெயர் மாறி இன்றும் வட்டாட்சியர் மேசையில் இருக்கின்றன. ஆணையிட்டவர் போன பிறகும் ஆணை இருக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

தண்டோரா

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவிக்க வழி செய்தது. சேர்வராயன் மலைச் சரிவுகளிலும் இவ்வாறு ஒதுக்குக் காடுகள் அமைந்தன. சட்டத்தின்படி நடைமுறை நியாயமாகவே இருந்தது. முதலில் அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். பிறகு வன நிர்ணய அலுவலர் அக்கம்பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் அந்த வட்டார மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை உள்ளவர்கள் கோரிக்கை தர மூன்று மாதங்களுக்குக் குறையாத கெடு கொடுக்க வேண்டும். கெடுவுக்குள் கோராத உரிமை அற்றுப்போகும்.

இங்கே 'அறிவித்தல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒட்டப்பட்ட காகிதம் அறிவிப்பு ஆகாது. ஊர் ஊராகப் பறையோ தமுக்கோ அடித்துச் சொன்னால்தான் அது அறிவிப்பு. தண்டோரா போட்ட நாளில் வேறு மலைக்கு வேலைக்குப் போயிருந்தவருக்கு அதுவும் இல்லை. விறகு, தேன், கடுக்காய், மேய்ச்சல் என்று நாள்தோறும் அனுபவித்துவந்த ஒன்றை, மூன்று மாதத்துக்குள் மனு எழுதிக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்குத்தான் வந்திருக்கும்? சட்டத்தின் குறை என்று இதைச் சொல்வதைவிட, சட்டம் கற்பனை செய்துகொண்ட குடிமகன் வேறு, மலையில் இருந்தவர் வேறு என்று சொல்வதே சரி.

தண்டோரா முறை சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. 2022 ஆகத்தில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தின் மூலம் அது நிறுத்தப்பட்டது. பறையடித்து ஊருக்குச் செய்தி சொல்லும் பணி குறிப்பிட்ட சமூகத்தினர்மேல் சுமத்தப்பட்டுவந்ததால் அது நிறுத்தப்பட வேண்டியதே. இப்போது வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள்.

அரசாணையின் உருவம்

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956 டிசம்பரில் நிறைவேறியது. 1957-இல் ஆட்சிச் சொல் அகராதியின் முதல் பதிப்பு வந்தது. ஆட்சித் தமிழுக்காக உழைத்தவர்களுள் கீ. இராமலிங்கனார் பெயர் முதன்மையானது. 'உத்தரவு' எழுத்தில் 'ஆணை' ஆயிற்று. மெமோ குறிப்பாணை, சர்க்குலர் சுற்றறிக்கை, கெஜட் அரசிதழ் என்றாயின. ஆணையிலிருந்தே ஆணையர், ஆணையம் என்ற சொற்களும் கிளைத்தன. இலங்கைத் தமிழில் இவை ஆணையாளர், ஆணைக்குழு என்று வழங்குகின்றன. அங்கு அரசிதழ் 'வர்த்தமானி'. நம்முடைய அவசரச் சட்டத்துக்கு நிகரான ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே 'கட்டளைச் சட்டம்' என்பது பெயர். யாழ்ப்பாணத்து ஆவணத்தைச் சேலத்தில் படிப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசாணைக்கு ஒரு நிலையான உருவம் உண்டு. மேலே 'சுருக்கம்', அதன் கீழ் துறையின் பெயர், எண், நாள், கூடவே திருவள்ளுவர் ஆண்டு. 'படிக்கப்பட்டவை' என்ற தலைப்பில் முந்தைய ஆணைகளும் கடிதங்களும் வரிசையாக இருக்கும். அதன்பின் 'ஆணை' என்று தலைப்பிட்டுப் பத்திகளுக்கு எண்ணிட்டுச் செய்தி தொடங்கும். முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று எழுதிச் செயலாளர் கையொப்பமிடுவார். அரசின் செயல்கள் எல்லாம் ஆளுநர் பெயரால் நடைபெற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆம் உறுப்பு கூறுவதே இதற்குக் காரணம். அரசாணை ஒன்றைப் புரிந்துகொள்ள விரும்புபவர் 'ஆணை' பகுதியை மட்டும் படித்தால் போதாது. 'படிக்கப்பட்டவை'யில்தான் அதன் வேர் இருக்கும். ஏதேனும் பழைய ஆணையைத் திருத்துகிறதா, புதிதாக வந்ததா என்பதை அங்குதான் அறிய முடியும்.

எண்ணுக்கு முன் அடைப்புக்குறிக்குள் வரும் 'நிலை' என்ற சொல் பலரைக் குழப்புகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'எம்.எஸ்.' என்று இருக்கும். அது கையெழுத்துப்படி என்ற சொல்லின் சுருக்கம். அச்சிட்ட ஆணைகளிலிருந்து பிரித்துக் காட்ட வந்தது. தமிழாக்கியவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நிலையாகக் காக்கப்பட வேண்டியது என்ற பொருளில் 'நிலை' என்றனர். அன்றாட நிர்வாகம் தொடர்பானவை 'வாலாயம்' என்ற வரிசையில் வரும். ஆங்கிலப் பெயர் ஆணை எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் அது எவ்வளவு காலம் தேவைப்படும் என்பதைச் சொல்கிறது. தமிழ்ப் பெயரே பொருத்தம்.

அரசாணையின் எல்லையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் தொடங்கி, பின் 1927-இல் உறுதிபெற்ற வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றது. அரசமைப்புச் சட்டத்துக்கு முன் ஓர் அரசாணை நிற்க முடியவில்லை. அதனால் அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

1168

மலைவாழ் மக்களிடையே பெயர் இல்லாமல் எண்ணால் மட்டும் அறியப்படும் அரசாணை ஒன்று உண்டு. வருவாய்த் துறை 1989-இல் வெளியிட்ட 1168-ஆம் எண் அரசாணை அது. மலைப்பகுதிகளில் அரசு நிலத்தை ஒப்படை செய்வதற்கு அது தடை விதித்தது. அடுத்த ஆண்டே, 1990-இல், மலைகளில் கட்டடங்களைக் கட்டுப்படுத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அரசாணையால் அமைக்கப்பட்டது. ஏற்காட்டில் வீடு கட்டுபவர்கள் 'ஹாகா' என்று சொல்வது இதனைத்தான். மரத்துக்கு வேறு சட்டம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

நோக்கம் புரியாததல்ல. மலையில் மரம் போனால் மண் சரியும், ஊற்று வற்றும். ஆனால் 1168-இன் சுமை எல்லார்மேலும் ஒன்றாக விழவில்லை. பெருந்தோட்டங்கள் நூறாண்டுக்கு முன்பே ஆவணம் பெற்றுவிட்டவை. அவற்றுக்குப் புதிய ஒப்படை தேவையில்லை. தாத்தா காலத்திலிருந்து பயிரிட்டும் பட்டா வாங்காமல் விட்டவருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் இழப்பீடு இல்லை. இந்த ஆணையை விலக்க வேண்டும் என்று பழங்குடியினர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கோருவதற்குக் காரணம் இதுவே. அரசாணையாக இருப்பதால் அதை விலக்கவும் திருத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சட்டமன்றம்கூடக் கூட வேண்டியதில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறு வழியைத் திறந்தது. வன நிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடியினர் கிராம சபை வழியே உரிமை கோரலாம். இது நாடாளுமன்றச் சட்டம், அரசாணையைவிட மேலானது. ஆயினும் தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டு நின்றது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அத்தடையை நீக்கியது. எட்டு ஆண்டுகள், ஒரு நீதிமன்ற ஆணைக்கும் இன்னொன்றுக்கும் இடையில் போயின. விண்ணப்பதாரர் பலருக்குத் தம் மனு எதனால் நிற்கிறது என்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

குடியரசுத் தலைவர் ஆணை

மலையாளி மக்களின் வாழ்வில் மிகப் பெரிய ஆணை சென்னையிலிருந்து வந்ததன்று. அரசமைப்பு (பட்டியல் பழங்குடியினர்) ஆணை, 1950 என்பது அதன் பெயர். யார் பட்டியல் பழங்குடியினர் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் வெளியிடுகிறார். ஒருமுறை வெளியான பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ அவருக்கே அதிகாரமில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால் மட்டுமே முடியும். பெயர் 'ஆணை'யாக இருந்தாலும் இதன் வலிமை சட்டத்தின் வலிமை.

தமிழ்நாட்டுப் பட்டியலில் 25-ஆம் பெயர் மலையாளி. 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஆறு மாவட்டங்கள் உள்ளன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. 1976-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பல சமூகங்களுக்கு இருந்த வட்டார எல்லைகளை நீக்கியது. மலையாளி, நீலகிரிக் குறும்பர் போன்ற சிலருக்கு எல்லை நின்றுவிட்டது.

இந்த ஆறு பெயர்களை இன்றைய வரைபடத்தில் தேடினால் இரண்டு கிடைக்காது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்ற பெயரில் இப்போது மாவட்டங்கள் இல்லை. சவ்வாது மலையும் கல்வராயன் மலையும் பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. கொல்லிமலை உள்ள நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதன் பெயர் பட்டியலில் இல்லை. ஆயினும் பழைய சேலத்தின் பகுதி என்பதால் கொல்லிமலை மலையாளிகளுக்குப் பழங்குடித் தகுதி தொடர்கிறது. மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசின் வேலை. அது இந்தப் பட்டியலைத் தொடாது. ஆணையில் உள்ள சேலம், இன்றைய சேலம் அன்று; ஆணை எழுதிய நாளின் சேலம்.

இதே காரணம் வேறொரு மலையில் எதிராக வேலை செய்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். ஈரோடு 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த மாவட்டம். கோயம்புத்தூர் அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. ஆகையால் பர்கூர் மலையாளிக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. ஏற்காட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமாக இருந்தாலும் இதுதான் நிலை. ஒரே பெயர், ஒரே மொழி, ஒரே தொழில். இடையில் ஒரு மாவட்ட எல்லை.

சேர்வராயன் மலைக்குள்ளும் சிக்கல் இல்லாமல் இல்லை. மலையாளிகள் தம் பெயருடன் 'கவுண்டர்' என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். பழைய பத்திரங்களிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளிலும் 'கவுண்டர்' என்று மட்டுமே எழுதப்பட்ட இடங்கள் உண்டு. சமவெளியில் அது வேறு சமூகத்தையும் குறிக்கும். எனவே சான்றிதழ் கேட்கும்போது விசாரணை நீளுகிறது. அதிகாரியைக் குறை சொல்லியும் பயனில்லை. குடியரசுத் தலைவர் ஆணையில் உள்ள சொல்லை உள்ளபடியே படிக்க வேண்டும், அதற்கு இணையான பெயர் என்று எதையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆசிரியர் ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டில் அவசரத்தில் எழுதிய ஒரு சொல் முப்பது ஆண்டுகள் கழித்துப் பேரனின் கல்லூரி இடத்தைத் தடுக்கக்கூடும். பள்ளிக்கூடத்தில் பெயர் பதிபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

சான்றிதழை யார் தருவது என்பது மட்டும் மாநில அரசு தீர்மானிப்பது. 1989 நவம்பர் 11 வரை பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியரே வழங்கினார். அதன்பின் அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. சான்றின் உண்மையில் ஐயம் எழுந்தால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு விசாரிக்கும். ஆகவே ஒரே காகிதத்தில் இரண்டு ஆணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கையொப்பமிடுபவர் யார் என்பது மாநில அரசு தீர்மானித்தது; கையொப்பத்துக்கு மேலுள்ள 'மலையாளி' என்ற சொல் குடியரசுத் தலைவரின் ஆணையால் வந்தது.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் ஓர் ஆணையால்தான். தொகுதி மறுவரையறை ஆணை 2008-இல் நடைமுறைக்கு வந்தபின், தமிழ்நாட்டில் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே அத்தகைய தொகுதிகள். இவ்வாணையை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்து வழக்காட முடியாது.

பட்டியல் ஆணை மாறவே மாறாதது அன்று. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளர் இசைய வேண்டும், தேசியப் பழங்குடியினர் ஆணையம் இசைய வேண்டும், பிறகே மசோதா. அது 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, 2023 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தமிழ்நாட்டின் பட்டியலில் 37-ஆம் பெயராக அது சேர்ந்தது. ஈரோட்டு மலையாளிகள் கேட்பது புதிய பெயரை அன்று. ஏற்கெனவே உள்ள 25-ஆம் பெயரின் அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒரு மாவட்டத்தை. அந்த ஒரு சொல்லுக்கும் வழி அதேதான்.